மேல்வாய்க்குப் பல் செட்டு: கடைசிப் பல்லைப் பிடுங்குமுன் படிக்க வேண்டிய பாடம்



திகனப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் சில மாதங்களுக்கு முன் எங்களிடம் வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பேசும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மேல்வாயில் முன்பல் இரண்டும், வலது பக்கக் கடைவாய்ப் பல் மூன்றும் இல்லை. மிச்சப் பற்களில் ஒன்றிரண்டு லேசாக ஆடின.

"ஐயா, ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டிருக்க ஏலாதுங்க. மேல உள்ளது எல்லாத்தையும் புடுங்கிட்டு, ஒரேடியா செட்டு கட்டிக்கிறேனுங்க. ஒரு துண்டு மட்டும் குடுங்க" என்றார்.

இதே பேச்சைப் பல வருஷத்துக்கு முன்பு பெரியவர் ஒருவரும் எங்களிடம் பேசினார். அப்போது நாங்களும் விஷயம் தெரியாமல், "சரி, தொல்லை விட்டுது" என்று தலையாட்டிவிட்டோம். அவர் இடது பக்கம் கடைசியாக நின்ற கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிக்கொண்டார். அந்தப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின் அவருக்குக் கட்டிய செட்டு ஒருநாளும் சரியாக நிற்கவில்லை. ரொட்டி கடித்தால் பின்பக்கம் இறங்கும், தும்மினால் கையில் விழும். கடைசியில் அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்தே சாப்பிட்டார். அந்தத் தவறு எங்கள் மனதில் இன்றும் இருக்கிறது. அதனால்தான் இம்முறை பல் செட்டைப் பற்றி எழுதுகிறோம்.

பல் ஏன் போகிறது?

தோட்டத்து மக்களின் பல்லைப் பற்றி உலகமே படித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டு தொடக்கம் 1985 வரை, நோர்வே நாட்டில் பிறந்த ஹரால்ட் லோ என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். பல் துலக்கும் பழக்கமே இல்லாதவர்கள் அவர்கள். அவர்களிடம் பற்சொத்தை கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் பல் விழுந்தது. காரணம் முரசு நோய். நூற்றுக்கு 8 பேருக்கு அது வேகமாகப் பரவியது, 81 பேருக்கு நடுத்தரமாகப் பரவியது. 11 பேருக்கு மட்டும் முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது.

இதில் நமக்குள்ள பாடம் ஒன்று உண்டு. பல் நன்றாக இருந்தாலும் அதைத் தாங்கும் முரசும் எலும்பும் போய்விட்டால் பல் நிற்காது. ஆனால் ஆடும் பல் எல்லாமே பிடுங்க வேண்டிய பல்லும் அல்ல. ஊத்தையைச் சுரண்டி எடுத்து, ஒழுங்காகத் துலக்கினால் பல ஆட்டங்கள் குறையும். இதைச் சொல்ல வேண்டியவர் பல் வைத்தியர். நாமும் சொல்லக்கூடாது, பக்கத்து லயத்துக்காரரும் சொல்லக்கூடாது.

கானுக்கு மேலே போட்ட பலகை

சில பல் மட்டும் இல்லாதவர்களுக்குக் கட்டுவது, கழற்றி மாட்டக்கூடிய பகுதிச் செட்டு. அது எப்படி நிற்கிறது என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் கான் பலகைதான்.

கானுக்கு மேலே பலகை போட்டு, இரண்டு நுனியும் கல்லின் மேல் இருந்தால், கொழுந்துக் கூடையோடு நடந்தாலும் அசையாது. ஒரு நுனி கல்லிலும் மறு நுனி சேற்றிலும் இருந்தால் என்ன நடக்கும்? மிதிக்க மிதிக்கச் சேற்று நுனி அமுங்கும், கல்லில் இருக்கும் நுனி கிளம்பும். வாய்க்குள்ளும் இதே கதைதான். பல் என்பது கல், முரசு என்பது சேறு.

1925ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்ட் கென்னடி என்ற பல் வைத்தியர் பல் இல்லாத வாய்களை நான்கு வகையாகப் பிரித்தார். இன்றும் உலகம் முழுவதும் இதைத்தான் படிப்பிக்கிறார்கள்.

1. இரண்டு பக்கமும் பின்பற்கள் இல்லாத வாய். பலகையின் பின்நுனி இரண்டு பக்கமும் சேற்றில்.
2. ஒரு பக்கம் மட்டும் பின்பற்கள் இல்லாத வாய்.
3. இடைவெளிக்கு முன்னும் பின்னும் பல் நிற்கிற வாய். இரண்டு நுனியும் கல்லில். செட்டு கட்ட மிக நல்ல வாய் இதுவே.
4. முன்பக்கம் நடுவில் மட்டும் பல் இல்லாத வாய்.

பெரியவரின் கதை இப்போது விளங்கும். கடைசியாக நின்ற கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதால், மூன்றாம் வகையில் இருந்த பக்கம் இரண்டாம் வகைக்குப் போய்விட்டது. ஒரு பல்தானே என்று நினைத்தோம். அது பலகையைத் தாங்கிய கல்.

மேல்வாய்ச் செட்டின் பாகங்கள்

கீழ்வாய்ச் செட்டு தன் பாரத்தாலேயே இருப்பில் இருக்கும். மேல்வாய்ச் செட்டோ தன் பாரத்தாலேயே கீழே விழப் பார்க்கும். ஆனால் மேல்வாய்க்கு ஒரு வசதி உண்டு. அண்ணம் அகலமானது, அதன் அடியில் கெட்டியான எலும்பு. செட்டு அதில் படர்ந்து உட்காரலாம். இதைக் கணக்கில் எடுத்துத்தான் வைத்தியர் படம் வரைகிறார்.

தாங்கி: பக்கத்துப் பல்லின் மேல் உட்காரும் சின்ன உலோக நாக்கு. கடிக்கும் பாரத்தை முரசுக்கு விடாமல் பல்லுக்கு ஏற்றுகிறது. இது உட்காரப் பல்லில் சிறு குழி செதுக்குவார்கள். பயப்பட வேண்டாம்.

கொளுவி: பல்லைச் சுற்றிப் பிடிக்கும் கை. பல்லின் வயிறு பருத்த இடத்துக்கும் முரசுக்கும் இடையே அதன் நுனி போய்ப் பிடிக்கிறது. வார்த்த உலோகக் கொளுவிக்கு ஒரு மில்லிமீட்டரில் கால்வாசி ஆழமே போதும். அதிகமாகப் பிடித்தால் நல்ல பல்லையும் ஆட்டிவிடும். ஆகவே பல்லின் மறுபக்கத்தில் இன்னொரு பாகம் அணை கொடுக்க வேண்டும்.

இணைப்புத் தட்டு: வலதையும் இடதையும் சேர்க்கும் பாகம். அண்ணத்தின் நடுவில் அகலப் பட்டையாக இருக்கலாம். முன்னும் பின்னும் பட்டை வைத்து நடுவைத் திறந்து விடலாம். பல் நிறைய இல்லாதவருக்கு அண்ணம் முழுவதையும் மூடலாம். அண்ணத்தின் நடுவில் எலும்பு மேடு இருப்பவருக்குக் குதிரை லாடம் மாதிரி வளைக்கவும் செய்வார்கள், ஆனால் அது வளைந்து கொடுக்கும், பலம் குறைவு. உலோகத் தட்டின் விளிம்பு, அது தொடத் தேவையில்லாத பற்களின் முரசிலிருந்து ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தள்ளி நிற்பது நல்லது. முரசை மூடினால் ஊத்தை தேங்கும், நோய் திரும்பும்.

எதிர்த்தாங்கி: தொதல் மாதிரி ஒட்டும் சாப்பாடு செட்டின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும்போது, முன்பக்கத்தில் உள்ள இன்னொரு தாங்கி அது சுழலாமல் பிடிக்கும்.

பிளாஸ்டிக்கா, உலோகமா?

அக்ரிலிக் என்ற ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில் செய்வது செலவு குறைவு. பிறகு ஒரு பல் விழுந்தால் அதிலேயே சேர்க்கலாம். ஆனால் தடிப்பாக இருக்கும், விழுந்தால் உடையும், பெரும்பாலும் முரசின் மேல்தான் பாரத்தை ஏற்றும். கோபால்ட் குரோமியம் என்ற உலோகத்தில் செய்வது மெல்லியது, பலமானது, பல்லின் மேல் உட்காரும். செலவும் வேலையும் கூட. எது உங்களுக்குப் பொருந்தும் என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஒரு எச்சரிக்கை. ஒன்றிரண்டு முன்பல் மட்டும் வைத்த சின்னப் பிளாஸ்டிக் துண்டு தொண்டைக்குள் போய்விடக்கூடும். உலோகம் இல்லாத அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். தளர்ந்த செட்டை ஒருநாளும் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். டவுனில் ஒரே நாளில் கட்டித் தருகிறோம் என்று, பிளாஸ்டிக் மாவைக் குழைத்து நல்ல பல்லோடு ஒட்டிவிடும் ஆட்களிடமும் போகாதீர்கள். அதைக் கழற்றிக் கழுவ முடியாது. உள்ளே அழுகி, பக்கத்துப் பல்லும் போகும்.

கிளினிக்கில் என்ன நடக்கும்?

ஒரே நாளில் முடியாது, பல நாள் போக வேண்டிவரும். முதலில் முரசைச் சுத்தம் செய்வார்கள். பிறகு கடற்பாசியிலிருந்து எடுத்த பொருளைக் குழைத்து வாயில் வைத்து அச்செடுப்பார்கள். குமட்டினால் தலையை முன்னுக்குச் சாய்த்து மூக்கால் மூச்சு விடுங்கள். பிளாஸ்டர் அச்சில் கோடு வரைந்து கொளுவிக்கு இடம் பார்ப்பார்கள். அடுத்து கடி அளப்பார்கள், மெழுகில் பல் வைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். அந்த நேரம் கண்ணாடியில் நன்றாகப் பாருங்கள். நிறமோ அளவோ பிடிக்காவிட்டால் அப்போதே சொல்ல வேணும். செட்டு போட்ட பிறகு புண் வந்தால் அரத்தால் நீங்களே ராவாதீர்கள், திரும்பிப் போங்கள்.

நமக்கு வாய்த்த பெரிய வசதி, பேராதனையில் பல் போதனா வைத்தியசாலை இருப்பது. திகனயிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து பேராதனைக்கு இன்னொரு பஸ்.

வெற்றிலை போடுவோர் கவனிக்க: பாக்கு வாயின் உட்சதையை இறுக்கும். வாய் திறப்பது குறைந்தால் அச்செடுக்கும் தட்டுக்கூட உள்ளே போகாது. புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் அறிவித்திருக்கிறது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை இருந்தால் செட்டை மறந்து முதலில் அதைக் காட்டுங்கள்.

செட்டைப் பாதுகாக்க

- இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காய விடக்கூடாது, சுடுதண்ணீரும் ஊற்றக்கூடாது.
- தண்ணீர் நிரப்பிய பேசினுக்கு மேலே பிடித்து, சவர்க்காரமும் மெல்லிய பிரஷும் கொண்டு கழுவுங்கள். கைநழுவினாலும் உடையாது.
- கொளுவி பிடித்திருக்கும் பல்லை மற்றப் பற்களைவிடக் கவனமாகத் துலக்குங்கள். அது போனால் செட்டும் போச்சு.
- கடித்து உள்ளே தள்ளாதீர்கள், விரலால் அழுத்தி மாட்டுங்கள்.

அந்த அக்காவுக்கு நாங்கள் துண்டு கொடுத்தோம். ஆனால் "எல்லாவற்றையும் பிடுங்கவும்" என்று அல்ல, "எதைக் காப்பாற்றலாம் என்று பார்க்கவும்" என்று. ஒரு பல் மட்டும் போனது. வலது பக்கம் ஆகக் கடைசியில் நின்ற பல் தப்பியது. அதன் மேல்தான் இன்று அவருடைய செட்டு உட்கார்ந்திருக்கிறது. கல்யாணப் படத்தில் அக்கா வாயை மூடவில்லை.

ஆகவே, தாய்மாரே, தந்தைமாரே, பல் வலித்தால் "பிடுங்கிப் போடுங்க" என்று சொல்லுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டொக்டர், இந்தப் பல்லைக் காப்பாற்ற ஏலுமா?" கேட்க வெட்கமாயிருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், நாங்களும் கூட வருகிறோம்.