ரிச்சி தெருவா, ரெடிமேடா?

கேள்வி: என் மகள் பி.சி.ஏ. முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். நான் வீட்டிலிருந்தே தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்பிங் வேலை எடுத்துச் செய்கிறேன். இருவருக்கும் பொதுவாக ஒரு டெஸ்க்டாப் வாங்க வேண்டும். மானிட்டர், யு.பி.எஸ். எல்லாம் சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்ட முடியாது. ‘கம்பெனி செட் வாங்கினால்தான் நிம்மதி’ என்கிறார் என் கணவர். ‘ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கி நாமே அசெம்பிள் பண்ணினால் நிறைய மிச்சமாகும்’ என்கிறாள் மகள். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, திருநின்றவூர்

பதில்: சகோதரி, உங்கள் வீட்டுக்கு அசெம்பிள் செட்தான் ஏற்றது. ஆனால் மகள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. மிச்சம் பிடிப்பதற்காக அசெம்பிள் செய்த காலம் இப்போதைக்கு இல்லை.

2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ரேம் விலை கிடுகிடுவென்று ஏறியது. உலகத்தின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான ஆர்டர்கள் குவிந்ததும் அவை உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. வீட்டுக் கணினிக்காரர்கள் பல காலமாக நம்பி வாங்கிய ‘க்ரூஷியல்’ ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே விட்டுவிடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த அடி சில்லறையில் வாங்குகிற நம் தலையில்தான் முதலில் விழுந்தது. பெரிய கம்பெனிகள் மொத்தமாகப் பேசி வாங்குபவை, கையிருப்பும் வைத்திருப்பவை. அதனால் அவற்றின் செட்களில் விலையேற்றம் தாமதமாகத்தான் தெரியும். அதோடு கம்பெனி செட்டில் விண்டோஸ் சேர்ந்தே வரும். தனியாக வாங்கினால் அசல் விண்டோஸ் லைசென்ஸ் மட்டுமே, நீங்கள் வாங்கப்போகும் ப்ராசஸர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இதையெல்லாம் ஒழுங்காகக் கூட்டிப் பார்த்தால், ஒரே தரத்தில் அசெம்பிள் செட் சற்றுக் கூடுதலாகவே வரலாம்.

பிறகு ஏன் அதையே வாங்கச் சொல்கிறேன்? வாரன்ட்டி முடிந்த பிறகு வருகிற வருடங்களுக்காக.

மலிவு விலைக் கம்பெனி செட் ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பல மாடல்களில், உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஒல்லியாக, அந்த ஒரு பெட்டிக்கென்றே அளவெடுத்துச் செய்ததாக இருக்கும். அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒயரின் முனை, கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கிற வழக்கமான 24 பின் முனையாக இருக்காது. ஆறு பின்னோ எட்டு பின்னோ கொண்ட, அந்தக் கம்பெனிக்கே உரிய வகையாக இருக்கும். மதர்போர்டின் அளவும் திருகு துளைகளும்கூட வேறு பெட்டிக்குப் பொருந்தாது. நம் பக்கத்து மின்சாரத்தில், அதுவும் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும்போது, முதலில் உயிரை விடுவது எஸ்.எம்.பி.எஸ்.தான். சாதாரண அசெம்பிள் பெட்டியில் அது போனால் ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு கடையில் புதிதாக வாங்கி அன்று மாலையே மாட்டிவிடலாம். கம்பெனி பெட்டியில் அதே மாடலின் உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். டைப்பிங் வேலையை நாளைக்குள் தருவதாக ஒருவரிடம் சொல்லியிருக்கும்போது இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கம்பெனி செட்டுக்குப் பெரும்பாலும் ஒரு வருட வாரன்ட்டி. போன் செய்தால் பல கம்பெனிகள் ஆளை வீட்டுக்கே அனுப்பும். அசெம்பிள் செட்டில் ப்ராசஸர், மதர்போர்டு போன்றவற்றுக்குப் பொதுவாக மூன்று வருட வாரன்ட்டி இருந்தாலும், எது பழுது என்று கண்டுபிடித்துக் கழற்றி எடுத்துப்போக வேண்டியவர் நீங்கள்தான். ஸ்க்ரூடிரைவரைத் தொடவே யாரும் இல்லாத வீடாக இருந்தால், யோசிக்காமல் கம்பெனி செட் வாங்குங்கள் என்றே எழுதியிருப்பேன். உங்கள் வீட்டில் ஒரு பி.சி.ஏ. மாணவி இருக்கிறாள். பாடப் புத்தகத்தில் படமாகப் பார்ப்பதைக் கையில் எடுத்து மாட்டிப் பார்க்கிற வாய்ப்பை அவளுக்குக் கொடுங்கள்.

கம்பெனி என்றால் சரக்கு வேறு என்ற எண்ணம் அவருக்கு இருந்தால், இதையும் சொல்லுங்கள். டெல் நிறுவனம் உங்களுக்கு வெகு தொலைவில்லாத ஸ்ரீபெரும்புதூரில் 2007-லேயே தொழிற்சாலை திறந்தது. அங்கும் நடப்பது, வெவ்வேறு நிறுவனங்களின் பாகங்களை ஒன்றுசேர்க்கும் வேலைதான். உள்ளே இருப்பது ரிச்சி தெருவில் விற்கும் அதே இன்டெல், அதே ஏ.எம்.டி. ப்ராசஸர்தான்.

சரி, என்ன வாங்குவது? ரயில் ஏறும் முன்பே பட்டியல் முடிந்திருக்க வேண்டும். கல், மரம் என்று வேண்டிய பொருளையெல்லாம் மனத்திலேயே சேர்த்துக்கொண்டு, பிறகு கோயில் கட்டத் தொடங்கிய பூசலார் நாயனாரின் ஊர் உங்களுடையது. நீங்கள் அதைத் தாளில் எழுதிச் செய்யுங்கள். பட்டியல் இல்லாமல் போகிறவருக்குக் கடையில் எது தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் கிடைக்கும்.

ப்ராசஸரில் ஓர் எழுத்து உங்களைக் கவிழ்த்துவிடும். இன்டெல் ஐ3-12100 என்பதும் ஐ3-12100எஃப் என்பதும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ‘எஃப்’ விலையும் குறைவு. ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடும்வரை மானிட்டரில் படமே வராது. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600ஜி வாங்கலாம், அந்த ‘ஜி’ அவசியம் இருக்க வேண்டும். ஜி இல்லாத 5600-க்கும் 5500-க்கும் இதே கதிதான். உங்கள் இருவர் வேலைக்கும் நான்கு கோர் உள்ள 12100 தாராளமாகப் போதும்.

இன்டெல் எடுத்தால் எச்610 மதர்போர்டு போதும். அதில் டி.டி.ஆர்.4 ரேம் போடுவது, டி.டி.ஆர்.5 போடுவது என்று இரண்டு வகையும் வருகின்றன. ஒன்றுக்கு உரிய ரேம் மற்றதில் நுழையாது. ஆகவே போர்டையும் ரேமையும் ஒரே கடையில், ஒரே நேரத்தில் வாங்குங்கள். இப்போது 8 ஜி.பி. ஒரு குச்சி மட்டும் போதும். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கட்டும், விலை இறங்கும்போது நிரப்பிக்கொள்ளலாம். 512 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. ஒன்று. பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க் வேண்டாம்.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். மேலே பெரிய வாட்ஸ் எண் ஒட்டியிருப்பார்கள். உங்கள் செட் முழு வேகத்தில் ஓடினாலும் 150 வாட்ஸைத் தாண்டாது. எண் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, ‘80 ப்ளஸ்’ முத்திரை உள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸாக இருக்க வேண்டும். பணம் இடித்தால் மானிட்டரின் அங்குலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இதில் குறைக்காதீர்கள். யு.பி.எஸ். 600 வி.ஏ. போதும். உள்ளே உள்ள 12 வோல்ட் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். ஏரி நிரம்பினால் தெருவுக்குத் தண்ணீர் வருகிற பகுதியில் உங்கள் வீடு இருந்தால், சி.பி.யு.வைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள்.

ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டம். அங்கிருந்து நடந்துவிடலாம். ரிச்சி தெருவோடு நின்றுவிடாமல் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருக் கடைகளிலும் அதே பட்டியலைக் கொடுத்து கொட்டேஷன் எழுதி வாங்குங்கள். அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். அந்தச் சீட்டுகளோடு ஊருக்கு வந்து, ஆவடியில் அல்லது திருநின்றவூரிலேயே நீங்கள் நம்புகிற கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் ஐந்நூறு, ஆயிரம் கூடக் கேட்டால் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஒரு ரேம் பழுதானால் அதற்காக ஒரு நாளை ரயிலில் தொலைக்காமல், சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.

எந்தக் கடையானாலும், ‘பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்’ என்ற பேச்சு வரும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பதால் குறைப்பு பெரிதாகத் தெரியும். பில் இல்லையேல் வாரன்ட்டி இல்லை. ‘கம்ப்யூட்டர் ஒரு செட்’ என்று ஒரே வரியில் எழுதிய பில்லும் உதவாது. ஒவ்வொரு பாகமும் அதன் சீரியல் நம்பரோடு தனித்தனி வரியாக வர வேண்டும். ப்ராசஸர் சீல் பிரிக்காத அட்டைப்பெட்டியில் இருக்கட்டும். பெட்டியில்லாமல் தட்டிலிருந்து எடுத்துத் தரும் ப்ராசஸருக்கு இன்டெல் உங்களுக்கு நேரடியாக வாரன்ட்டி தராது. காலிப் பெட்டிகளைப் பரணில் பத்திரப்படுத்துங்கள்.

விண்டோஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. பென் டிரைவிலிருந்து ‘ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறோம்’ என்பார்கள். அது திருட்டு நகல், கூடவே என்ன வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. பிறர் கொடுத்த ஆதார் நகலும் பத்திரமும் இருக்கப்போகிற கணினியில் அதை ஏற்றாதீர்கள். நீங்கள் பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருக்களும் வைத்து வேலை செய்பவரென்றால் அசல் விண்டோஸ் வாங்கித்தான் ஆக வேண்டும். வெறும் யூனிகோட் தட்டச்சுதான் என்றால் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் போதும். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸை உங்கள் மகள் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும், செலவில்லை.

கேள்வி: என்னிடம் 2016-இல் அசெம்பிள் செய்த ஆறாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப் இருக்கிறது. விண்டோஸ் 10 நின்றுவிட்டது, இனி இது குப்பை என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், ஆவடி

பதில்: பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. குறுக்கு வழியில் ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு உத்தரவாதம் இல்லாத அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள். இணையம், கடிதம், வீடியோ எல்லாவற்றுக்கும் இன்னும் சில வருடம் ஓடும்.

அப்படியும் புதிது வாங்குவதென்று முடிவு செய்தால், பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடும் முன் பெட்டியைத் திறந்து ரேம் குச்சியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பி.சி.4 என்று தொடங்கும் எண் இருந்தால் அது டி.டி.ஆர்.4. டி.டி.ஆர்.4 வகை எச்610 போர்டு வாங்கி அதையே மாட்டிக்கொள்ளலாம். இன்றைய ரேம் விலைக்கு, எக்ஸ்சேஞ்சில் அந்த முழுப் பெட்டிக்கும் தருகிற தொகையைவிட அந்தக் குச்சியே அதிகம் பெறும்.