குடிப்பவருக்கும் ஊற்றிக் கொடுப்பவருக்கும் சில வார்த்தைகள்



சென்ற இதழில் பாம்புக்கடிக்கு முதலுதவி பற்றிப் பார்த்தோம். இந்த இதழில் போத்தலைப் பற்றிப் பார்ப்போம். "டிரசர் மறுபடியும் குடிக்காதே, குடிக்காதேன்னு ஆரம்பிச்சிட்டாரு" என்று பக்கத்தைத் திருப்பி விட வேண்டாம். குடிக்காமல் இருப்பதே நல்லது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்று நான் பேச வந்தது குடிப்பவரிடம் மட்டும் அல்ல. ஊற்றிக் கொடுக்கிறவரிடமும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருக்கிறவரிடமும்தான்.

தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன நம் பிள்ளைகளில் சிலர் லைசென்ஸ் பெற்ற மதுக்கடைகளில் வேலை செய்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தலுக்குப் பின்னால் பீர் பெட்டியைத் திறந்து வைத்துக் கொடுக்கிறவரும் நம்மவர்தான். அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு திங்கட்கிழமை நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஆள் பெயரும் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று பேர் ஒன்றாகக் குடித்திருக்கிறார்கள். மறுநாள் காலை அவர்களில் ஒருவர் பெரட்டுக்கு வரவில்லை. தலைவலி, வாந்தி. ராத்திரி போட்டது இன்னும் இறங்கவில்லை என்று நினைத்து, வீட்டுக்காரம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்துப் படுக்க வைத்து விட்டார். பகல் 1 மணிக்குத்தான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார்கள். "டிரசர் ஐயா, கண்ணுக்கு முன்னால புகை மாதிரி இருக்கு. உங்க முகமே தெரியல" என்றார். மூச்சு வேகமாக ஓடிக் கொண்டிருந்தது.

"என்ன குடிச்சீங்க? எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டேன். "பீருதாங்க ஐயா" என்றார் கூட வந்தவர். வீட்டுக்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பீர் குடித்தவருக்கு மறுநாள் பகலில் இப்படிக் கண் மங்காது. தோட்டத்துக் காடியில் ஏற்றி உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கேயும் "பீர்" என்றே சொல்லியிருக்கிறார்கள். உண்மை வெளியே வர மாலை 5 மணி ஆயிற்று. லயத்தில் ஒரு வீட்டில், லைசென்ஸ் இல்லாமல் விற்ற மலிவு விஸ்கி அது. விற்றவர் உறவுக்காரர். "போலீஸ் வந்தா அண்ணனைப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்ற பயத்தில் எல்லாரும் வாயை மூடிக் கொண்டிருந்தார்கள்.

அந்த மனிதர் பிழைத்தார். ஆனால் கண் பார்வை முழுவதும் திரும்பவில்லை. இனி அவரால் கத்தி பிடித்துப் பால் மரம் சீவ முடியாது. கூடக் குடித்த மற்ற இருவரையும் அன்று இரவே தேடிப் பிடித்து அனுப்பினோம். அதில் ஒருவருக்கு அதுவரை ஒரு வாந்திகூட இல்லை. ஆனாலும் இரத்தத்தில் நஞ்சு இருந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். போலீசார் அந்த வீட்டைச் சோதித்தபோது கட்டிலுக்கு அடியில் இன்னும் 11 போத்தல்கள் இருந்தன. அந்த வாரம் சம்பள வாரம். அந்த 11 போத்தலும் யார் யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அது என்ன நஞ்சு?

கள், பீர், விஸ்கி எதுவானாலும் அதில் போதை தருவது எத்தனால். அதைப் போலவே நிறம் இல்லாமல், ஏறக்குறைய அதே வாடையோடு இருக்கும் இன்னொரு பொருள் மெத்தனால். தொழிற்சாலைகளிலும், வர்ணம் கரைக்கவும் பயன்படுவது. கள்ளத்தனமாக மது தயாரிக்கிறவர்கள் மலிவாகக் கிடைக்கிறது என்று இதைக் கலந்து விடுகிறார்கள். முகர்ந்து பார்த்தோ, நாக்கில் வைத்தோ, கொளுத்திப் பார்த்தோ இதைக் கண்டு பிடிக்க முடியாது. அப்படிச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

நம் ஈரல் மெத்தனாலைப் படிப்படியாக மாற்றி ஃபார்மிக் அமிலம் ஆக்குகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கெடுக்கிறது. இரத்தத்தில் அமிலத்தை ஏற்றி உயிரை வாங்குகிறது. இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். ஆகவே குடித்து 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் பெரும்பாலும் தொல்லை தெரியும். நல்ல மதுவும் சேர்த்துக் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். 30 மில்லி மெத்தனாலே ஓர் ஆளைக் கொன்று விடக் கூடும்.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இறந்தவர்களில் நம் நாட்டுக்காரரும் உண்டு, பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளரும் உண்டு.

இந்த அடையாளங்களை மனத்தில் வையுங்கள்: குடித்த மறுநாள் கடுமையான தலைவலி, வாந்தி, வயிற்று வலி, கண் மங்குவது, பனிக்குள் பார்ப்பது போல் தெரிவது, மூச்சு வாங்குவது, வலிப்பு, மயக்கம். இதில் கண் மங்கல் ஒன்று இருந்தாலே காத்திருக்கக் கூடாது. 999-க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நேரத்தோடு போனால் முறிவு மருந்து உண்டு, இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் உண்டு. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். "இன்னொரு கிளாஸ் போட்டா சரியாயிடும்" என்று மேலும் ஊற்றாதீர்கள். மயங்கியவரை மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மிச்சம் இருக்கும் போத்தலைக் கழுவாமல், கொட்டாமல், கையோடு கொண்டு போங்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அவர்களும் போக வேண்டும்.

நல்ல போத்தலுக்கும் கணக்கு உண்டு

"நான் லைசென்ஸ் கடையிலதானே குடிக்கிறேன்" என்று சிலர் கேட்கலாம். சரி, அதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

5 விழுக்காடு பீர் ஒரு பெரிய போத்தல், அதாவது 640 மில்லி. அதில் சுமார் 25 கிராம் சுத்தமான எத்தனால் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஓர் ஆள் அந்த ஒரு போத்தலை ஒரு மணி நேரத்தில் குடித்து முடித்தால், அவருடைய 100 மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய 45 மில்லிகிராம் இருக்கும். ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் கூடும், குறையும். நம் நாட்டில் வாகனம் ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்துள்ள எல்லை 50 மில்லிகிராம். முன்பு 80 ஆக இருந்தது. 2020 அக்டோபர் 23 முதல் குறைத்து விட்டார்கள். ஆக, ஒரு பெரிய போத்தலிலேயே எல்லையின் ஓரத்துக்கு வந்து விடுகிறார். இரண்டாவது போத்தலில் தாண்டி விடுகிறார்.

இறங்குவது எப்படி? ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். கோப்பி குடித்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும், மோர் குடித்தாலும் அது வேகமாக நடக்காது. நள்ளிரவில் 150 இருந்தால் விடியற்காலை 5 மணிக்கு இன்னும் 75 இருக்கும். "தூங்கி எழுந்தேன், தெளிஞ்சிட்டேன்" என்று மோட்டாரில் பெரட்டுக்குக் கிளம்புகிறவர், சட்டப்படி இன்னும் குடிபோதையில் இருக்கிறார். கையில் சீவுகத்தியோ, செம்பனைக் குலை வெட்டும் அரிவாளோ இருந்தால் சொல்லவே வேண்டாம்.

எல்லை மீறி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. குடித்து ஓட்டி ஓர் உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். நம்மில் யாருடைய குடும்பம் இதைத் தாங்கும்?

ஊற்றிக் கொடுப்பவருக்கு

கடையில் வேலை செய்யும் தம்பி, தங்கச்சிகளே! குடிக்கிறவருக்கு இரண்டு கிளாசுக்குப் பிறகு கணக்குத் தெரியாது. தெளிவாக இருப்பது நீங்கள் ஒருவர்தான். ஆகவே கணக்கு உங்கள் கையில் இருக்கிறது.

1. வயதைக் கேளுங்கள். 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக் கூடாது. "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று வரும் பிள்ளைக்கும் இதே சட்டம்தான். சந்தேகம் வந்தால் அடையாளக் கார்டைக் கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும்.

2. முகத்தைப் பாருங்கள். பேச்சு குழறுகிறதா, குரல் உயர்கிறதா, காசை எண்ணத் தடுமாறுகிறாரா? அதற்கு மேல் ஊற்றாதீர்கள். நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்தாமல், "அண்ணே, இன்னிக்கு இது போதும். நாளைக்கு வாங்க" என்று மெதுவாகச் சொல்லுங்கள். முதலிலிருந்தே சாப்பாடும் தண்ணீரும் வைத்துக் கொடுத்தால் இந்த நிலைமை பாதி வராது.

3. மோட்டார் சாவியை வாங்கி வையுங்கள். வீட்டுக்குப் போன் போட்டு ஆளை வரச் சொல்லுங்கள்.

4. மயங்கியவரை "தூங்குறாரு" என்று மூலையில் விட்டு விடாதீர்கள். தட்டி எழுப்பினால் எழவில்லை, குறட்டை இழுத்து இழுத்து வருகிறது என்றால் அது தூக்கம் அல்ல. ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

5. சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். விஸ்கி, பிராந்தி, சம்சு போத்தலில் சுங்கத்துறையின் வரி முத்திரை இருக்க வேண்டும். மூடி கிழிந்திருந்தாலோ, விலை நம்ப முடியாத மலிவாக இருந்தாலோ வாங்காதீர்கள். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு போத்தலில் இருந்ததை இன்னொரு போத்தலில் ஊற்றி நிரப்பச் சொல்லும் முதலாளிக்கு, "முடியாதுங்க" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

6. சண்டை மூண்டால் நடுவில் விழாதீர்கள். 999-ஐ அழையுங்கள். அதிகாரிகள் வந்தால் போத்தலை மறைக்காதீர்கள். கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள கடைக்கு அதுவே பாதுகாப்பு. 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி கொடுத்த லைசென்ஸ் அது. கடைக்காரர் நிபந்தனையை மீறினால் அதைப் பறிக்கவும் முடியும்.

போலீஸ் என்றால் ஏன் பயம்?

நம் மக்கள் போலீசிடம் பேசத் தயங்குவதற்குப் பழைய காரணம் உண்டு. ஒரு காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. ஒரு கையால் கொடுத்த கூலி இன்னொரு கையால் கள்ளுக்கடைக்குப் போயிற்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அந்தப் போராட்டத்தைத் துப்பாக்கியால்தான் அடக்கினார்கள். போருக்குப் பிறகு 1946, 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தபோதும் போலீசாரோடு மோதல் வந்தது. அந்தக் காலத்தில் சட்டம் கடையின் பக்கம் நின்றது. நம் தாத்தாமார் அதை எதிர்த்து நின்றார்கள்.

இன்று நிலைமை வேறு. கள்ளச் சரக்கை விற்கிறவரைக் கேள்வி கேட்கும் சட்டம் நம் கையில் இருக்கிறது. நாம்தான் பழைய பயத்தை வைத்துக்கொண்டு, நம்மைக் கொல்லும் போத்தலுக்குக் காவல் நிற்கிறோம். "காட்டிக் கொடுக்கிறதா?" என்று கேட்பார்கள். நச்சுப் போத்தலைச் சொல்வது காட்டிக் கொடுப்பது ஆகாது. கிணற்றில் பாம்பு கிடந்தால் ஊருக்குச் சொல்ல மாட்டோமா? விற்றவர் உறவுக்காரராக இருந்தாலும், அவர் கை இன்னொரு சாவுக்குக் காரணமாகாமல் தடுத்தால் அவருக்கும் நல்லதுதான்.

உயிருக்குப் போராடுகிறவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவது குற்றம் இல்லை. பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பெர்மிட் பயத்தில் அவர்கள் அறைக்குள்ளேயே கிடந்து விடுகிறார்கள். போலீசிடம் நேரே போகத் தயக்கம் என்றால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குடித்து விட்டு வந்து வீட்டில் அடிக்கிறார் என்றால், தாய்மார்களே, அதையும் மறைக்க வேண்டாம். 15999 என்ற தாலியான் காசே எண்ணில் உதவி கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. கிளினிக்கில் நான் "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டால், அது யாரையும் மாட்டி விடக் கேட்பது இல்லை. எந்த மருந்து வேண்டும், இன்னும் எத்தனை பேரைத் தேடிப் போக வேண்டும் என்று தெரிந்து கொள்ளத்தான் கேட்கிறேன். அன்று பகல் 1 மணிக்கு எனக்கு உண்மை கிடைத்திருந்தால், அந்தத் தோழர் இன்றும் மரம் சீவிக் கொண்டிருக்கலாம். அடுத்த முறை கேட்கும்போது, தயவு செய்து, முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லி விடுங்கள்.