ஆமைக்கு விளக்கு வாங்கும் முன்

பர்மிங்காம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள நிலா,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று சுருள் பல்பு. இன்னொன்று ‘பகல் வெளிச்சம்’ என்று டப்பாவில் போட்டிருக்கும் நீலக் கண்ணாடி பல்பு. மூன்றாவது, தயாரித்தவர் பெயரே இல்லாமல் இணையத்தில் மலிவாக விற்பது. எதை வாங்கலாம் சித்தி என்று கேட்டிருக்கிறாய். மூன்றுமே வேண்டாம். ஏன் வேண்டாம் என்று புரிந்துவிட்டால் நாளைக்குக் கடைக்காரர் என்ன சொன்னாலும் நீயே முடிவு செய்யலாம். அதற்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உன் ஆமை ஹெர்மன் இனம். ஸ்பெயின், இத்தாலி, பால்கன் நாடுகள் என்று மத்தியதரைக் கடலை ஒட்டிய புதர்க்காடுகள்தான் அதன் பூர்வீகம். காலையில் புதரை விட்டு வெளியே வந்து வெயிலில் ஓட்டைக் காட்டிக்கொண்டு கிடக்கும். உடம்பு சூடேறியதும் மேயப் போகும். உச்சி வெயிலில் மறுபடி நிழலுக்குள் ஒதுங்கிவிடும். அந்த வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் இருக்கின்றன. அவற்றில் யுவிபி என்கிற பகுதி தோலில் பட்டதும், அங்குள்ள கொழுப்புப் பொருள் ஒன்று மாறத் தொடங்குகிறது. உடம்புச் சூட்டில் அது மெல்ல வைட்டமின் டி3 ஆகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை மேலும் பதப்படுத்திய பிறகுதான் குடல், தின்ற இலையிலிருந்து கால்சியத்தைச் சரியாக உறிஞ்சும். கதிரும் சூடும் ஒரே இடத்தில் கிடைத்தால்தான் வேலை நடக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள். விளக்கை எங்கே மாட்டுவது என்பதும் இதை வைத்துத்தான்.

இங்கிலாந்து வெயிலை நம்ப முடியாது. அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இங்கே வெயிலில் நின்றால் மனிதத் தோலுக்கே போதுமான வைட்டமின் டி கிடைக்காது. அதனால்தான் உன் அம்மா குளிர்காலம் முழுக்க உனக்கு அந்தச் சின்ன மாத்திரையைத் தருகிறாள். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்றும் கேட்டிருந்தாய். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், யுவிபியை மட்டும் ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். போதாததற்கு, கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் உள்ளே சூடு கூடி ஆமை செத்தே போகலாம்.

யுவிபி கிடைக்காமல் வளர்ந்த குட்டிகளை எங்கள் கிளினிக்குக்குக் கொண்டுவருவார்கள். கையில் எடுத்து ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால், நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி அமுங்கும். மூன்று வயதில் அது கல்லாக இருக்க வேண்டும். மேசையில் விட்டால் வயிற்றைத் தூக்கி நடக்கத் தெம்பில்லாமல் தரையோடு இழுத்துக்கொண்டு போகும். தாடை இளகியிருப்பதால் இலையைக் கடிக்கப் பார்க்கும், நழுவிவிடும். மருந்தும் நல்ல விளக்கும் கொடுத்துத் தேற்றலாம். ஆனால் கோணிப்போன ஓடு பழையபடி ஆகாது.

அப்படியானால் வலுவான விளக்காக வாங்கி மாட்டிவிடலாமே என்று நினைக்காதே. கூடிப்போனாலும் கெடுதல்தான், அதிலும் முதலில் அடிபடுவது கண். 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில சுருள் பல்புகளும் வேறு சில விளக்குகளும் பூமியில் விழும் வெயிலிலேயே இல்லாத, அதைவிடக் குறுகிய அலைநீளக் கதிர்களை உமிழ்ந்தன. அவற்றின் கீழே இருந்த ஆமைகளும் பல்லிகளும் கண் வீங்கி, இமை திறக்காமல், சாப்பிடாமல் கிடந்தன. பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஃபிரான்சிஸ் பெய்ன்ஸ் அந்த விளக்குகளின் கதிர்களை அளந்து காட்டி எச்சரித்தார். நல்ல நிறுவனங்கள் பிறகு திருத்திக்கொண்டன. ஆனால் பெயரில்லாத பல்பில் என்ன கதிர் வருகிறது என்று யாரைப் போய்க் கேட்பது? உன் மூன்றாவது படத்தை அதனால்தான் ஒதுக்கினேன். இன்னொன்று: கொரோனா காலத்தில் கிருமி கொல்லும் யுவிசி விளக்குகள் கடைகளில் நிறைய வந்தன. அவையும் புற ஊதா விளக்குகள்தான் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடாதே. அவை ஆமையின் கண்ணையும் தோலையும் பொசுக்கிவிடும், உன்னுடையதையும்.

நீல பல்பில் வேறு குறை. ‘பகல் வெளிச்சம்’, ‘முழு நிறமாலை’ என்றெல்லாம் டப்பாவில் போட்டிருந்தாலும், யுவிபி என்று தெளிவாக எழுதாத பல்பில் யுவிபி இருக்காது. சுருள் பல்பு, நல்ல நிறுவனத்துடையதாகவே இருந்தாலும், ஒரு சிறு வட்டத்துக்கு மட்டும்தான் கதிரைத் தரும். ஆமை அங்குமிங்கும் நடக்கிற பிராணி.

எனக்குப் பிடித்தது டி5 வகை நீளக் குழல் விளக்கு, மேலே பளபளப்பான பிரதிபலிப்புத் தகடோடு. தகடு இருந்தால் கீழே வரும் கதிர் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். கூட்டின் நீளத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை குழல் இருந்தால் போதும். மீதி இடம் நிழலாக இருக்கட்டும். வேண்டும்போது வெயிலுக்கு வரவும், போதும் என்றால் விலகவும் ஆமைக்கு வழி இருக்க வேண்டும். கடையில் 6%, 12% என்று பார்ப்பாய். விளக்கு தரும் கதிரில் யுவிபி எவ்வளவு பங்கு என்பதற்கான எண் அது. ஆமையின் முதுகில் எவ்வளவு விழும் என்பதை அது சொல்லாது. அது உயரத்தைப் பொறுத்தது, தகட்டைப் பொறுத்தது, நடுவில் வலை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

முதுகில் விழுவதை அளக்கத்தான் யுவி குறியீடு இருக்கிறது. வானிலை அறிக்கையில் இன்று 3, நாளை 5 என்று வருமே, அதே எண்தான். ஃபெர்குசன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் காட்டில் திரியும் பல்லி, பாம்புகள் உண்மையில் எவ்வளவு கதிரில் இருக்கின்றன என்று அளந்து 2010-ல் குறைவிலிருந்து கூடுதல் வரை நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். பெய்ன்ஸ் குழு 2016-ல் அதை மேலும் பல இனங்களுக்கு விரித்தது. ஹெர்மன் ஆமை மூன்றாவது மண்டலம். வெயில் காயும் இடத்தில், ஓட்டின் உயரத்தில் 3-ஐ ஒட்டி வைத்து, நிழல் மூலையில் பூஜ்யம் வரை குறைந்துகொண்டே போகும்படி அமைத்தால் நன்று.

இதற்கென்று சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி இருக்கிறது. விலை அதிகம், வாங்க வேண்டாம்; வரும்போது என்னுடையதைக் கொண்டுவருகிறேன். ஓடு இருக்கும் உயரத்தில் பிடித்து, முனையை விளக்கை நோக்கித் திருப்பிப் பொத்தானை அழுத்தினால் எண் வரும். பத்து சென்டிமீட்டர் கீழே இறக்கு, எண் சட்டென்று விழும். கூட்டின் கம்பி வலையை நடுவில் வை, சில வலைகளில் பாதியே மிஞ்சும். ஒரு தடவை இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் டப்பாவில் எழுதியிருப்பதை வைத்து மட்டும் நீ எதையும் வாங்கமாட்டாய். அதுவரை, தயாரிப்பாளர் தரும் உயர அட்டவணையைப் பார்த்து மாட்டு. தகடுள்ள 12% டி5 குழலென்றால் ஓட்டுக்கு மேலே 40 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் உயர்த்தியே மாட்டு.

குழல் எப்போதும் தலைக்கு மேலே இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். ஆமையின் கண்ணுக்கு மேலே எலும்பு புருவம்போல் நீண்டிருக்கிறது. மேலிருந்து வரும் வெயிலை அது மறைக்கும், பக்கத்திலிருந்து வருவதை மறைக்காது. சூடு தரும் ஹாலஜன் பல்பைக் குழலுக்குப் பக்கத்திலேயே மாட்டு. அதன் கீழே ஓட்டின் மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி வரை இருக்கலாம். கதிரும் சூடும் சேர்ந்து விழ வேண்டும் என்று சொன்னேனே, அதற்குத்தான். பாதரச ஆவி பல்பு ஒன்றே இரண்டையும் தரும் என்று கடையில் சொல்வார்கள். தரும்தான். ஆனால் அதை தெர்மோஸ்டாட்டில் போட்டு மட்டுப்படுத்த முடியாது, சின்னக் கூட்டில் சூடு மிஞ்சிவிடும். உன் கூட்டுக்கு அது வேண்டாம்.

ஹாலஜன் விஷயத்தில் அப்பாவைத் துணைக்கு வைத்துக்கொள். பீங்கான் ஹோல்டர், சங்கிலி, சுவரிலோ மரச்சட்டத்திலோ திருகிய கொக்கி, இதில் விட்டுக்கொடுக்காதே. கிளிப் மட்டும் போட்டுக் கவ்வவைத்த விளக்கு வைக்கோல் மேல் விழுந்தால் வீடே பற்றிக்கொள்ளும்.

டைமர் போட்டு நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடு. இரவில் எல்லா விளக்கும் அணைந்திருக்க வேண்டும். குழலை மாட்டும் நாளிலேயே அதன் ஓரத்தில் மார்க்கரால் தேதியை எழுதிவிடு. வெளிச்சம் பளிச்சென்று இருக்கும்போதே யுவிபி குறைந்துபோயிருக்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. டி5 குழலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். குழல் உடைந்தால் உள்ளே கொஞ்சம் பாதரசம் இருக்கும்: ஆமையை வேறு அறைக்குக் கொண்டுபோ, ஜன்னலைத் திற, வாக்குவம் போடாதே, அம்மாவைக் கூப்பிடு.

டி3 பொடியை மட்டும் தூவினால் போதுமா என்று அம்மா கேட்டாளாம். தோலில் டி3 மிகுந்தால் அதே கதிர் மிகுதியை வேலை செய்யாத பொருள்களாக மாற்றிவிடும். வாய்வழி போவதற்கு அப்படி ஒரு தடுப்பு இல்லை, அளவு மீறினால் நஞ்சு. பொடியை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள். ஜூன், ஜூலையில் நல்ல வெயிலடிக்கும் நாட்களில் தோட்டத்துப் புல்லில், நிழலும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் விடு. அதற்கு ஈடான விளக்கு இதுவரை வரவில்லை.

குழல் வந்ததும் ஒரு வாரம் ஆமையின் கண்ணைக் கவனி. இமை வீங்கினாலோ, முன்காலால் கண்ணைத் தேய்த்தாலோ, விளக்கு எரியும்போதெல்லாம் மண்ணுக்குள் புதைந்தாலோ உடனே விளக்கை அணைத்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு. நேரம் பார்க்க வேண்டாம். கூட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுது. எந்த அளவுக் குழல் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தி