நாம் பார்க்காத விளம்பரத்துக்கு நம் ரீசார்ஜ் பணமா?



"காலையிலதான் ஒரு ஜிபி வந்துச்சு. யாரும் ஒண்ணும் பாக்கல. மத்தியானத்துக்குள்ள நெட் காலி!" குழுக் கூட்டங்களில் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறோம். பழி பிள்ளைகள் மேல் விழுகிறது. சில நேரம் பிள்ளை நிரபராதி. போனில் உள்ள ஒரு ஆப்பே நெட்டைத் தின்றிருக்கும். அது எப்படி என்று இந்த மாதம் கற்போம்.

இது எப்படி நடக்கிறது?

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் ஆயிரம் நோட்டீஸ் அடித்து, வீடு வீடாகக் கொடுக்கச் சொல்லிக் கூலி தருகிறார். கூலி வாங்கியவர் நோட்டீஸைக் கட்டோடு கிணற்றில் போட்டுவிட்டு, "எல்லா வீட்டுக்கும் கொடுத்தாச்சு" என்கிறார். ஆப் விளம்பர மோசடியும் இதுபோலத்தான்.

இலவச ஆப்களில் விளம்பரம் வருவது வழக்கம், அது தவறில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டார்கள் என்ற கணக்கின்படி கம்பெனிகள் ஆப் நடத்துபவருக்குப் பணம் தருகின்றன. மோசடி ஆப் என்ன செய்யும்? நம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே விளம்பரத்தை ஓட்டும். நாம் தொட்டது போலத் தானே தொட்டுக் கணக்குக் காட்டும். பணம் அவர்களுக்கு, நெட், பேட்டரி செலவு நமக்கு.

நடந்த உண்மை

2017இல் 'ஜூடி' என்ற மோசடி வெளிவந்தது. கூகுள் பிளே ஸ்டோரிலேயே இருந்த 41 ஆப்கள் தாமாகவே விளம்பரங்களைத் தொட்டுக் கொண்டிருந்தன. பல ஆப்கள் சமையல், அலங்கார விளையாட்டுகள். குழந்தைகள் விரும்பி விளையாடுபவை. கூகுள் அவற்றை நீக்கியது.

2019இல் 'டிரெய்னர்பாட்' மோசடியை ஆரக்கிள் நிறுவனம் வெளியிட்டது. திரையில் தெரியாத வீடியோ விளம்பரங்கள் மாதம் 10 ஜிபிக்கு மேல் கூட இழுத்தன. 30 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். தினம் ஒரு ஜிபி வாங்கும் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்!

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள்

* போனைத் தொடாதபோதும் சூடாகிறது. சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது.
* எந்த ஆப்பையும் திறக்காதபோதே திரை முழுக்க விளம்பரம் வருகிறது.
* டார்ச், வால்பேப்பர் போன்ற சின்ன ஆப் நிறைய நெட் செலவழிக்கிறது.

என்ன செய்யலாம்?

1. செட்டிங்ஸில் டேட்டா செலவையும் பேட்டரி செலவையும் பாருங்கள். எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று வரிசையாக வரும். போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும்.
2. பயன்படுத்தாத ஆப் அதிகம் செலவழித்தால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். சில ஆப்கள் தங்கள் படத்தை மறைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் உள்ள ஆப் பட்டியலில் தேடினால் அகப்படும்.
3. பிளே ஸ்டோரில் மேலே உள்ள வட்டத்தைத் தொட்டு, 'பிளே புரொடெக்ட்' போய் ஸ்கேன் கொடுங்கள்.
4. வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் வழியாக ஆப் ஏற்றவே கூடாது. பிளே ஸ்டோரில் எடுத்தாலும், குறைந்த ஸ்டார் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு எடுங்கள்.
5. மற்ற ஆப்களுக்கு மேலே காட்ட அனுமதி கேட்டால், எதற்கு என்று யோசியுங்கள். டார்ச்சுக்கு அது எதற்கு?

இன்னொரு எச்சரிக்கை

"வீட்டிலிருந்தே விளம்பரத்தைத் தொட்டால் தினமும் பணம்" என்று அழைப்பு வரும். முதலில் சிறு தொகை கொடுத்து நம்ப வைப்பார்கள். பிறகு, "பெரிய வேலைக்கு டெபாசிட் கட்டுங்க" என்பார்கள். கூலி தருகிறவர் நம்மிடம் பணம் கேட்பாரா? குழுக் கடன் வாங்கி இதில் போட்டுவிடாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

அடுத்த கூட்டத்தில் செய்வோம்

போன் வைத்திருக்கும் உறுப்பினர் எல்லோரும் எடுத்து வாருங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டட்டும். அதிக நெட் தின்ற மூன்று ஆப்களின் பெயரை ஒவ்வொருவரும் சொல்லட்டும். வேண்டாததை அங்கேயே நீக்குவோம். ஐந்து ரூபாய் சேமிப்புக்கும் கணக்கு எழுதுகிற நாம், ரீசார்ஜ் பணத்துக்கும் கணக்குக் கேட்போம்!