கோழி இரத்தத்தில் செல் சவ்வைத் தேடுவோம்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்முறைக் குறிப்பேட்டில், 'கோழியின் சிவப்பணுவில் செல் சவ்வைக் கண்டேன்' என்று எழுதியிருந்தாள். நானும் சரி என்று குறியிட்டுவிட்டேன். பிறகுதான் உறுத்தியது. செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 7 முதல் 8 நானோமீட்டர். நம் பள்ளி ஒளி நுண்ணோக்கியோ சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. அவள் கண்டது செல்லின் விளிம்பு.

பிறகு எப்படிச் சவ்வைக் கற்பிப்பது? அது செய்யும் வேலையைக் காட்டலாம்.

பல்லடம் வட்டாரம் கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. இரத்தம் கிடைப்பது சிரமமில்லை. ஆனால் மாணவர்களைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். நலமான கோழியின் இரத்தத்தை ஆசிரியரே கையுறை அணிந்து வாங்கி, உறையும் முன் 0.9% உப்புக் கரைசலில் (100 மி.லி. நீருக்கு 0.9 கிராம்) சில துளிகள் கலக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் இச்சோதனையே வேண்டாம்.

இக்கரைசலில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் நீள்வட்டச் செல்கள் தெரியும். மெத்திலின் நீலம் சேர்த்தால் நடுவே உட்கரு நீலமாகத் தெரியும். மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லை என்பதை இங்கேயே ஒப்பிடலாம். அடுத்து, மூடு வில்லையின் ஓரத்தில் 3% உப்புக் கரைசல் விடுங்கள், செல்கள் சுருங்கும். வேறொரு தகட்டில் காய்ச்சி வடித்த நீர் விட்டால், செல்கள் உப்பி, விளிம்பு மங்கி, சிவப்பு நிறம் வெளியே கசியும். உட்கரு மட்டும் எஞ்சும். நீர் புகுந்தது, உப்பு அவ்வளவு எளிதில் புகவில்லை. இடையில் ஏதோ தடுத்திருக்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. சாயப்பட்டறைக் கழிவுநீர் நிலையத்தில் வேலை செய்யும் பெற்றோர் 'ஆர்.ஓ. மெம்பிரேன்' பற்றி வீட்டில் பேசுவார்கள். அங்கு அழுத்தம் கொடுத்து நீரைப் பிரிக்கிறோம். இங்கு நீர் தானே போகிறது என்ற வேறுபாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

1925-இல் கார்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீர்மேல் பரப்பி, அதன் பரப்பு செல்களின் பரப்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டு, சவ்வு ஈரடுக்கு என்றனர். அவர்கள் எடுத்தது பாலூட்டிகளின் இரத்தம். கோழி இரத்தத்தை எடுத்திருந்தால் கணக்கு ஏன் குழம்பியிருக்கும்? இதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். உட்கருவுக்கும் சவ்வு உண்டு என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

அந்த மாணவியின் குறிப்பேட்டில் இப்போது 'சவ்வைக் கண்டேன்' அடிக்கப்பட்டு, 'சவ்வு இருப்பதை அறிந்தேன்' என்றிருக்கிறது. சோதனை முடிந்ததும் தகடுகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவிட்டுக் கழுவுங்கள்.