மருந்துக்கு மசியாத சீழ்க்கிருமி

காலில் முள் கீறிய இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுவதைக் காணாத கிராமவாசிகள் இரார். அதற்குப் பெரும்பாலும் காரணமாவது ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் நுண்கிருமியாகும். நலமுடன் வாழ்வோரிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவரது மூக்கில் இது தீங்கின்றிக் குடியிருக்கிறது. தோலில் கீறல் ஏற்பட்டால் உட்புகுந்து கட்டியை உண்டாக்குகிறது. சிற்சில வேளைகளில் இரத்தத்திலும் நுரையீரலிலும் பரவி உயிரையே மாய்க்கிறது.

1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் இக்கிருமியை அடக்கியது. ஆயினும், அம்மருந்தையே சிதைக்கவல்ல கிருமிகள் 1940-களிலேயே தலைகாட்டின. அவற்றை வெல்ல 1959-இல் மெதிசிலின் வந்தது. அதற்கும் மசியாத கிருமிகள் 1961-இல் இங்கிலாந்தில் அறியப்பட்டன. இஃது எங்ஙனம் நிகழ்ந்தது?

கிருமி தன்னைச் சுற்றி ஓயாது மதில் எழுப்பிக்கொண்டிருக்கிறது. அவ்வேலையைச் செய்யும் கொத்தனார் போன்ற புரதத்தின் கைகளைப் பெனிசிலின் இன மருந்துகள் கட்டிவிடுகின்றன. மதில் சிதைந்து கிருமி மடிகிறது. மெக்-ஏ என்னும் மரபணுவைப் பெற்ற கிருமியிடமோ மாற்றுக் கொத்தனார் ஒருவர் இருக்கிறார். அவர் கைகளை அம்மருந்துகளால் கட்ட இயலாது. மதில் வேலை தடையின்றி நடைபெறுகிறது.

இம்மரபணு, மூட்டைக்குள் வைத்த பொருள்போல, ஒரு மரபுத்துண்டினுள் அடங்கிக் கிருமி விட்டுக் கிருமி செல்கிறது. மருத்துவமனைக் கிருமிகளில் காணப்படும் இரண்டாம் வகைத் துண்டு ஏறத்தாழ 53,000 மரபெழுத்துகள் கொண்டது. ஊர்களில் பரவும் கிருமிகளிற் பலவற்றில் உள்ள நான்காம் வகையோ அதிற் பாதிக்கும் குறைவு. சுமை சிறிதாதலின் கிருமியின் வளர்ச்சி பெரிதும் தளர்வதில்லை. மருத்துவமனைக்கு வெளியிலும் அது செழித்து வாழ்கிறது.

1997 முதல் 1999 வரை அமெரிக்காவின் மினசோட்டா, வட டகோட்டா மாநிலங்களில் இத்தகைய கிருமியால் நான்கு குழந்தைகள் இறந்தனர். அண்மையில் மருத்துவமனையில் தங்கியவர் அவர்களுள் எவருமில்லை. முதற்கண் அளிக்கப்பெற்ற மருந்துகளுக்கு அக்கிருமி கட்டுப்படவில்லை. நமது துணைக்கண்டத்திலும், ஐந்தாம் வகைத் துண்டைத் தாங்கி, வேறு பல மருந்துகளையும் எதிர்க்கவல்ல ‘வங்காள விரிகுடா’ வகைக் கிருமி பரவியுள்ளது.

மருந்து இம்மரபணுவைப் படைப்பதில்லை என்பதை நாம் உணர வேண்டும். பூச்சிமருந்துக்குத் தப்பிய பூச்சிகளே பின்னர் வயலில் பெருகுவதை உழவர் அறிவர். அதுபோன்றே, மருந்து எளிய கிருமிகளை அழித்து, வலிய கிருமிகளுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் தாமாகவே மாத்திரை வாங்கி உண்பவர், தம்மையறியாமலே வலிய கிருமிகளை வளர்க்கிறார்.

ஆகவே, கட்டியைக் கையால் பிதுக்கலாகாது. மருத்துவர் முறைப்படி கீறிச் சீழை வெளியேற்றுவதே பல கட்டிகளுக்குத் தலையாய சிகிச்சையாகும். புண்ணைத் தூய துணியால் மூடிவைத்தல், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், துண்டையும் சவரக்கத்தியையும் பிறருடன் பகிராதிருத்தல் ஆகியவை இன்றியமையாதன. கட்டியுடன் காய்ச்சலும் காணின் தாமதியாது மருத்துவமனையை அடைக. மருத்துவர் மருந்து தந்தால், அவர் குறித்த அளவிலும் நாட்களிலும் தவறாது உட்கொள்க. இன்று வீணாக்கும் மருந்து, நாளை நம் குழந்தைக்குத் தேவைப்படும்போது பயனற்றுப் போகலாம்.