மீன் குழம்புப் புளியும் மெலியும் மாத்திரையும்

புரட்டாசி முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் மீன் குழம்பு. அம்மா வழக்கம்போல இரண்டு துண்டு அசாம் கெப்பிங் போட்டார். அப்போதுதான் சித்தி மகள் ஒரு பாட்டிலைக் காட்டினாள். "அண்ணா, இதுவும் இந்தப் புளிதானே? சாப்பிட்டா கொழுப்பு சேராதாம். இயற்கைதானே, என்ன ஆகப் போகுது?" தீபாவளிக்குள் ஐந்து கிலோ குறையணுமாம்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. முதலில் அந்தப் பாதி.

நம்ம ஜொகூர் அசாம் பெடாஸில் விழும் அசாம் கெலுகோரும் கேரளத்துக் குடம்புளியும் ஒரே கார்சினியா இனத்து மரங்கள். அந்தப் புளிப்பைச் சிட்ரிக் அமிலம், டார்டாரிக் அமிலம் என்றே முன்பு நினைத்திருந்தார்கள். 1965-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக்கழகத்தின் லூயிஸ், நீலகண்டன் இருவரும் குடம்புளியில் இருப்பது ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்று காட்டினார்கள். அசாம் கெலுகோரிலும் அது உண்டு.

இனி செல்லுக்குள் போவோம். சோறும் சீனியும் மிஞ்சினால், மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் சிட்ரேட் வெளியே வரும். அதை ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற நொதி, அதாவது என்சைம், வெட்டி அசிட்டைல் கோ-ஏ ஆக்கும். அந்தத் துண்டுகளைக் கோத்துத்தான் செல் கொழுப்பைக் கட்டுகிறது. நம்ம புளி அமிலம் சிட்ரேட் மாதிரியே இருக்கும். கூடுதலாக ஓர் ஆக்சிஜன், அவ்வளவுதான். நொதியின் பூட்டுக்குள் இந்தச் சாவி நுழையும், ஆனால் திரும்பாது. உண்மையான சாவிக்கு இடமில்லை. 1969-இல் அமெரிக்காவில் லோவன்ஸ்டீன் குழு இதை நிரூபித்தது. எலிகளிலும் கொழுப்பு உற்பத்தி குறைந்தது. படிக்கும்போது எனக்கே புல்லரித்தது.

ஆனால் மனிதன் பெரிய எலி இல்லை. நம் உடலில் சேரும் கொழுப்பில் பெரும்பகுதி சாப்பிட்ட எண்ணெய், இறைச்சி, தேங்காய்ப்பாலிலிருந்து நேராக வருவது. அது இந்த நொதி வழியாகப் போவதே இல்லை. கதவைப் பூட்டிவிட்டோம், ஆள் வேறு வாசலில் வருகிறார்.

1998-இல் நியூயார்க்கில் 135 பேரை வைத்துச் சோதித்தார்கள். 12 வாரம், எல்லாருக்கும் ஒரே வகை உணவுக் கட்டுப்பாடு. தினமும் 1,500 மில்லிகிராம் அமிலம் எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ! குறைத்தது உணவுக் கட்டுப்பாடு, புளி இல்லை. இதற்கிடையில், கார்சினியா மாத்திரை எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. குழம்பில் ஊறும் இரண்டு துண்டு வேறு, சாற்றைச் செறிவாக்கித் தினமும் விழுங்குவது வேறு.

இவ்வளவும் சொன்னேன். "அப்போ இருநூறு வெள்ளி போச்சா?" என்றாள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். சுகாதார அமைச்சின் எம்ஏஎல் பதிவு எண்ணே இல்லை. உள்ளே வேறு என்ன கலந்திருக்கோ, யார் கண்டது? பாட்டிலை வாங்கி என் அலமாரியில் வைத்துவிட்டேன். அவள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள்.